எலக்ட்ரானுக்கு நீங்கள் பார்ப்பது தெரியாது

எம்.எஸ்சி. இயற்பியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த ஆண்டும் அதே பதில்தான். ஒரு தடுப்பில் உள்ள இரண்டு நுண்ணிய பிளவுகள் வழியாக எலக்ட்ரான்களை அனுப்பினால் திரையில் மாறி மாறிப் பட்டைகள் விழும், அவைதான் குறுக்கீட்டு வரிகள். இந்த இரட்டைப் பிளவில் எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் குறுக்கீட்டு வரிகள் ஏன் மறைகின்றன என்று கேட்டேன். "நாம பார்க்கிறோம்னு அதுக்குத் தெரிஞ்சுடுது மேடம்" என்றார் மாணவர், கொஞ்சமும் தயங்காமல். ஹைட்ரஜன் அணுவுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கரும்பலகையில் தீர்த்துக் காட்டியவர் அவர். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யூடியூப் பேசுகிறது. பிளவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணை வரைந்து, அது திறந்ததும் எலக்ட்ரான் பயந்து துகளாக மாறுவதாகக் காட்டும் அனிமேஷனை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்தவர்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

1989இல் ஜப்பானில் அகிரா டோனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிச் செய்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் ஒரு நேரத்தில் இரண்டு எலக்ட்ரான் இருக்க வாய்ப்பே மிகக் குறைவு. திரையில் முதலில் புள்ளிகள் தாறுமாறாக விழுகின்றன. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு வரிகள் தெளிகின்றன. வரிகள் உருவாவதை மனிதர்கள் பார்த்தார்கள், படமும் பிடித்தார்கள். வரிகள் எங்கும் ஓடிவிடவில்லை. பார்ப்பதுதான் குற்றம் என்றால் அந்தப் படமே இருந்திருக்காது.

வரிகளை அழிப்பது எது என்று நம் ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 0.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரட்டைப் பிளவு, 2 மீட்டர் தள்ளி ஒரு திரை. வரிக்கு வரி சுமார் 2.5 மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்கே தெரியும். இப்போது ஒரே ஒரு திசையில் (அதன் அச்சில்) அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, இடது பிளவின் மேல் கிடையாகவும் வலது பிளவின் மேல் செங்குத்தாகவும் அச்சு இருக்கும்படி ஒட்டுங்கள். இரண்டும் சேரும் விளிம்பு பிளவுகளுக்கு நடுவே உள்ள இருட்டுப் பட்டையில்தான் விழ வேண்டும். புது பிளேடு, டிராவலிங் மைக்ரோஸ்கோப், நிறையப் பொறுமை, மூன்றும் தேவை. பிளவுக்கு முன்னால் 45 டிகிரியில் இன்னொரு போலராய்டு வையுங்கள். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் மறக்கிறார்கள். நம் கல்லூரி லேசர்கள் பெரும்பாலும் தளவிளைவுக்கு உட்படாத, அதாவது ஒரே திசையில் அதிராத ஒளியைத் தருபவை. முதல் போலராய்டு இல்லாவிட்டால் சோதனையின் இரண்டாம் பாதி, அதாவது வரிகளைத் திரும்ப வரவழைப்பது, வேலை செய்யாது, அப்புறம் "தியரி தப்பு மேடம்" என்று வந்து நிற்பீர்கள்.

சரி, லேசரைப் போடுங்கள். வரிகள் இல்லை. கவனியுங்கள், அனிமேஷனில் காட்டுவது போல இரண்டு கோடுகளும் வரவில்லை. ஒற்றைப் பிளவுக்குரிய அகலமான ஒளித்திட்டு அப்படியே இருக்கிறது, அதன் உள்ளே இருந்த நுண்வரிகள் மட்டும் போய்விட்டன. யாரும் எந்தப் போட்டானையும் (ஒளித்துகளையும்) பார்க்கவில்லை. அறையைப் பூட்டிவிட்டுக் கேமராவை மட்டும் ஓடவிட்டாலும் இதே படம்தான்.

காரணம் ஒரே வரிக் கணக்கு. ஒளியின் நிலை இப்போது இடது வழி × கிடை, கூட்டல், வலது வழி × செங்குத்து. இதை வர்க்கப்படுத்தும்போது இரண்டு வழிகளும் கலக்கும் குறுக்கு உறுப்பில் கிடை, செங்குத்து இரண்டின் உட்பெருக்கம் (இரண்டு திசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) வந்து உட்காரும். அது சுழி. குறுக்கு உறுப்பு போனால் குறுக்கீடு போச்சு. எந்த வழி என்ற தடம் ஒளியிலேயே பதிந்துவிட்டது. அந்தத் தடத்தை ஒருவர் படிக்கிறாரா, இல்லையா என்பது கணக்கில் எங்கேயும் வரவில்லை.

திரைக்கு முன்னால் 45 டிகிரியில் கடைசிப் போலராய்டை வைத்தால் வரிகள் திரும்பி வருகின்றன. அதை 135 டிகிரிக்குத் திருப்பினால் வெளிச்சம் இருந்த இடத்தில் இருட்டும், இருட்டு இருந்த இடத்தில் வெளிச்சமும் வரும். இரண்டையும் கூட்டினால் பழைய வெறும் திட்டு. செங்குத்தான தளங்களில் தளவிளைவு பெற்ற ஒளிக்கதிர்கள் குறுக்கிடா என்பதை ஃப்ரெனலும் அராகோவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். இதில் மர்மமாகப் பேச என்ன இருக்கிறது?

இது 'ஒன்று இது, இல்லை அது' என்ற கதையும் இல்லை. பிளவுகளில் உள்ள இரண்டு அச்சுகளையும் முதல் போலராய்டின் அச்சுக்கு இருபுறமும் 30 டிகிரியாக வைத்தால் இடைக்கோணம் 60 டிகிரி. வரிகளின் தெளிவு கோசைன் 60, அதாவது பாதி. வழியும் ஓரளவு தெரியும், வரியும் ஓரளவு தெரியும். வழி தெரியும் அளவு, வரிகளின் தெளிவு இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 1ஐத் தாண்டாது என்று 1996இல் இயற்பியலர் எங்லெர்ட் நிறுவினார். நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை ஒருமுறை தாங்களே வருவித்துப் பாருங்கள்.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு வியன்னா சோதனை. 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறு அலையாகக் குறுக்கிடும். 2004இல் அங்கிருந்த குழு அந்த மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றிக்கொண்டே போனது. சூடு ஏற ஏற வரிகள் மங்கி மறைந்தன. சூடான மூலக்கூறு பறக்கும்போதே ஒளியை உமிழ்கிறது, அந்த ஒளி மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தடத்தைச் சுமந்துகொண்டு போகிறது. போய் அறைச் சுவரில் உறிஞ்சப்படுகிறது. சுவருக்கு ஏது மனசு?

அளவீட்டில் ஏன் ஒரே ஒரு விளைவு கிடைக்கிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை, உண்மைதான். அதைப் பற்றி விவாதியுங்கள், நானும் வருகிறேன். ஆனால் வைவாவில் கேட்டது அந்தக் கேள்வி இல்லை.

அடுத்த எரிச்சல் நிச்சயமின்மைத் தத்துவம்: ஒரு துகளின் இடம், உந்தம் (நிறை × திசைவேகம்) இரண்டும் ஒருசேரத் துல்லியமாக இருக்க முடியாது என்பது. "அளக்கும்போது தட்டிவிடுகிறோம், அதனால் உந்தம் மாறிவிடுகிறது" என்பார்கள். 1927இல் ஹைசன்பர்க்கே எலக்ட்ரானைக் காமா கதிரால் பார்க்கும் ஒரு கற்பனை நுண்ணோக்கியை வைத்து அப்படித்தான் விளக்கினார், பழி முழுக்க மாணவர்கள்மேல் இல்லை. ஆனால் அதே ஆண்டு இயற்பியலர் கென்னார்ட் நிறுவிய சமனின்மை, நீங்கள் விடைத்தாளில் எழுதுவது, தட்டிவிடுவதைப் பற்றியே பேசவில்லை. ஒரே மாதிரித் தயாரித்த எலக்ட்ரான்களில் பாதியில் இடத்தை மட்டும் அளந்து பாருங்கள், மீதிப் பாதியில் உந்தத்தை மட்டும். எதையும் இரண்டு முறை தொடவில்லை. அப்படியும் இரண்டு விலக்கங்களின் (அளவுகள் சராசரியிலிருந்து சிதறுவதன்) பெருக்கம் ħ/2க்குக் கீழே போகாது, ħ என்பது பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்தது. தம்புராவின் நீண்ட மீட்டலுக்குச் சுருதி சொல்லலாம், ஒரு கைத்தட்டலுக்குச் சொல்ல முடியாது. தட்டிய கணம்தான் துல்லியமாகத் தெரியும். அலைக்கு அதுதான் இயல்பு, எலக்ட்ரானுக்கும் அதேதான்.

பின்னலைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு துகள்கள் தொலைவில் பிரிந்தாலும் அவற்றின் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பதுதான் பின்னல். இதைச் சோதித்ததற்காக 2022 இயற்பியல் நோபல் பரிசு அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் வந்ததும் 'ஒளியை விட வேகமாகச் செய்தி' என்று எழுதித் தள்ளினார்கள். முடியாது. இங்கே ஒரு துகளில் என்ன அளந்தாலும் அங்கே மற்றதில் கிடைக்கும் நிகழ்தகவுகள் மாறா. வகுப்பில் இதற்குமேல் நான் பேசுவதில்லை, சுருக்கிய அடர்த்தி அணியை (ஒரு துகளின் நிகழ்தகவுகளை மட்டும் தரும் அணியை) எழுதுங்கள், தானாகத் தெரியும்.

சோதனை செய்யப் போகிறவர்களுக்கு: மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், எதிரொளிப்பு கண்ணில் அடிக்கும். கதிர் உங்கள் கண் மட்டத்தில் போகக் கூடாது. ஹீலியம்-நியானுக்குப் பதில் மலிவான பச்சை லேசர் பேனா வேண்டவே வேண்டாம். பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டும் தகடு இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிருக்கு இமை மூடாது. அப்புறம், ஒற்றைப் பிளவில் a sin θ = λ என்பது இருட்டு, இரட்டைப் பிளவில் d sin θ = λ என்பது வெளிச்சம் (a பிளவின் அகலம், d பிளவுகளின் இடைவெளி, θ கோணம், λ அலைநீளம்). ரெக்கார்டு நோட்டில் மாற்றி எழுதாதீர்கள், கை ஒடிகிறது திருத்தி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மனம் எலக்ட்ரானை மாற்றும் என்று நம்புகிற வீட்டுக்குள்தான் 'குவாண்டம் சக்தி' பதக்கமும் கைப்பட்டையும் நுழைகின்றன. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 10 பொருள்களைச் சோதித்து, அவை அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுவதாக எச்சரித்தது. சிறுவர்களுக்கான கைப்பட்டையும் அதில் ஒன்று. தொடர்ந்து அணிந்தால் தோலுக்குக் கேடு, அணியாதீர்கள் என்றது. உங்கள் அம்மாவோ மாமாவோ காசு கொடுத்து அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் சண்டை போடாதீர்கள், கேலியும் வேண்டாம். கழற்றி வாங்கி ஒரு டப்பாவில் போட்டுத் துறைக்கு எடுத்து வாருங்கள். கதிர்வீச்சை எண்ணும் ஜிஎம் கவுண்டரில் முதலில் பதக்கம் இல்லாமல் பின்னணி எண்ணிக்கை, பிறகு பதக்கத்தை வைத்து எண்ணிக்கை, இரண்டுக்கும் ஒரே கால அளவு. அந்தத் தாளை வீட்டில் காட்டுங்கள்.