ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவுக்கு உடம்பு முழுக்க உளைச்சல். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறதாம். இது பிரமையா?

இல்லை. உடம்பு முழுக்க நீடித்து வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயாக இருக்கலாம். நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு உண்டு, பெண்களே அதிகம். இதைக் கண்டறிய அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 1990இல் வகுத்த விதிப்படி, 18 இடங்களில் நான்கு கிலோ அழுத்தம் கொடுத்து, 11 இடங்களிலாவது வலித்திருக்க வேண்டும். ஆண்களுக்கு அழுத்தவலி குறைவாகவே தெரியும் என்பதால் பலர் கணக்கிலிருந்து தப்பினார்கள். 2010 முதல் வந்த விதிகள் 19 பகுதிகளில் எத்தனையில் வலி என்பதோடு தூக்கம், அசதி, ஞாபகம் பற்றியும் கேட்கின்றன. மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

கோளாறு தசையில் இல்லை, மடையில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தேக்கடியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் ஷட்டர் திறக்கும் அளவுதான் வயலுக்கு வரும். தண்டுவடத்திலும் அப்படி ஒரு மடை உண்டு. கீழிருந்து ஏறும் வலிச் செய்தியை, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் செரோடோனின், நார்அட்ரினலின் சுரந்து பாதியிலேயே அடக்குகின்றன. இந்த நோயில் அந்த மடை சரியாக மூடுவதில்லை. செய்தியைப் பெருக்கும் 'சப்ஸ்டன்ஸ் பி' தண்டுவட நீரில் சுமார் மூன்று மடங்கு இருந்ததை அளந்திருக்கிறார்கள். இலேசான அழுத்தமே மூளையின் வலிப்பகுதிகளைக் கிளப்பிவிடுகிறது. வீக்கமே இல்லாததால், வீக்கத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி ஏறாது. வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் பதம் பார்க்கும்.

மடை பொதுவானது. அதனால்தான் ஒற்றைத் தலைவலி, எரிச்சல் குடல், தாடை மூட்டு வலி, மனச்சோர்வு எல்லாம் இதோடு கூட்டு சேர்கின்றன. முடக்குவாதக்காரர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இதுவும் இருக்கிறது. தெரியாமல் போனால், மூட்டு அடங்கிய பிறகும் வாத மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகும்.

இதே போன்ற வலி வேறு காரணங்களாலும் வரலாம்; அதனால் முதலில் தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் டி பரிசோதனைகளைப் பார்த்துவிடுங்கள். முன்பு சிக்குன்குனியா வந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரைகளில் டுலோக்ஸெட்டின் மடையை மூட உதவும். அமிட்ரிப்டிலின் 10 மி.கி. என்றால் படுக்கும் நேரத்துக்குச் சற்று முன்பே போட வேண்டும்; தாமதித்தால் காலையில் கண் திறக்காது. இரண்டும் மருத்துவர் எழுதினால்தான். செய்வினை என்று தாயத்துக்குச் செலவழிப்பதாவது பையைத்தான் காலி செய்யும். பெயரில்லாத 'வாதப் பொடி'யில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எலும்பும் போகும்.

மருந்தைவிட நடைக்கே சான்று வலுவானது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். பலர் தோற்பது முதல் நாளே அரை மணி நடந்து, மறுநாள் எழ முடியாமல் விட்டுவிடுவதால்தான்.