மெமோ கொடுக்கும் நாளில்

மாசி, பங்குனியில் டெல்டா முழுக்கக் கணக்கு முடிக்கும் வேலை நடக்கும். நெல் கொள்முதல் நிலையத்தில் இருப்பு சரிபார்ப்பு, கூட்டுறவுச் சங்கத்தில் தணிக்கை, குழுக்கடன் வசூலிப்பவருக்கு ஆண்டு இறுதி இலக்கு. ஒரு வேலையாள் உள்ளுக்குள் நொறுங்கித் தற்கொலை எண்ணத்துக்குப் போவதைப் பெரும்பாலும் முதலில் பார்க்கக்கூடியவர் அவருடைய மேலாளர்தான். மருத்துவரிடம் அவர் வருவதே பிறகுதான்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். 17 சதவீத ஈரப்பதத்தில் வாங்கிய நெல், லாரி வராமல் அடுக்கிலேயே கிடந்து 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், எடையில் ஏறக்குறைய மூன்றரை சதவீதம் போய்விடும். 40 கிலோ மூட்டை ஆயிரம் இருந்தால் குறைவது சுமார் 1,400 கிலோ. அதாவது 35 மூட்டை. போனது வெறும் தண்ணீர். ஆனால் "35 மூட்டை எங்கய்யா போச்சு?" என்று சுமை தூக்குகிறவர்கள் முன்னால் கேட்டால், பட்டியல் எழுத்தரின் காதில் அது "திருடன்" என்றுதான் விழும். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தற்கொலைக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது. கடன், குடி, மனச்சோர்வு, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். அதன் மேல் நாலு பேர் முன்னால் அவமானமும் விழும்போது ஆபத்து கூடுகிறது.

அதனால் விளக்கம் கேட்கும் மெமோவை முற்பகலில், தனி அறையில் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம். ஞாயிறு முழுக்க அவர் அந்தத் தாளோடு தனியாக இருப்பார். எவ்வளவு தொகை, எதற்காக, விளக்கம் தர எத்தனை நாள், தவணை உண்டா என்பதை எழுதியே கொடுங்கள். "நாளைக்கே முழுசாக் கட்டு" என்பது வழியே இல்லை என்று சொல்வதற்குச் சமம். வீடு வரை கூட ஒருவரை அனுப்புங்கள். மறுநாள் காலையில் நீங்களே போன் செய்யுங்கள்.

சரியாகச் சாப்பிடாமல், யாருடனும் பேசாமல் இரண்டு வாரமாக ஒருவர் மாறிப்போயிருந்தாலோ, "நான் இல்லாட்டிதான் எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னாலோ, பொருட்களை எடுத்து மற்றவருக்குக் கொடுத்தாலோ சும்மா இருக்காதீர்கள். பல நாள் தவிப்புக்குப் பிறகு திடீரென்று வரும் அமைதியையும் கவனியுங்கள்.

நேராகவே கேளுங்கள்: "தம்பி, ரெண்டு வாரமா நீங்க சரியா இல்ல. கஷ்டம் தாங்காம உயிரை விட்டுடலாம்னு நெனப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமாண்ணே" என்று பதில் வந்தால் பதறாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். "புள்ளகுட்டிய நெனச்சுப் பாத்தியா?" என்று பலரும் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஏற்கெனவே குடும்பத்துக்குப் பாரம் என்று நினைப்பவருக்கு அது இன்னும் ஒரு குற்ற உணர்வு. பேச விடுங்கள். அழுதால் அழட்டும்.

பிறகு மூன்று கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா. திட்டம் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. அந்தப் பொருளை அப்புறப்படுத்திவிட்டு, 108-ஐ அழையுங்கள். அல்லது இரண்டு பேராகச் சேர்ந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எண்ணம் மட்டும்தான் என்றால், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து 14416-க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. எண்ணை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலோர் அழைக்க மாட்டார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "வீட்டுல யார்கிட்ட சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள்.

பூச்சிமருந்துக் கடை, நெல் கிடங்கு, பண்ணை ஆகிய இடங்களில் மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். எடுப்பது, திருப்புவது எல்லாம் பதிவேட்டில் வரட்டும். சாகத் துடிக்கும் அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. மருத்துவமனை பதிவு செய்யும். அதற்காகத் தயங்க வேண்டாம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. வேலைக்கு வந்ததும் இரவு ஷிப்ட் போடாதீர்கள், தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். பணம் எண்ணும் வேலையைக் கொஞ்ச நாள் வேறொருவரோடு சேர்ந்து பார்க்கட்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் "பிரயோஜனமில்ல" என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். ஒரு நாள் கூலிக்குப் பயந்து மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு.