ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி: மலை ட்ரெக் புக் பண்றதுக்கு முன்னாடி

"இந்த ட்ரெக் ஈஸின்னுதான் போட்டிருக்காங்க, நான் போலாமா?" சீசன் ஆரம்பிச்சாலே எனக்கு வர்ற முதல் கேள்வி இதுதான். நான் கோயமுத்தூர்ல பிசியோதெரபிஸ்ட், முட்டி, கணுக்கால், இடுப்புன்னு பாக்கறதுதான் வேலை, மலையடிவார ஊருங்கறதால ஏறப் போறவங்களும் ஏறிட்டு வந்தவங்களும் நிறைய பேர் வருவாங்க. அவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான். இறக்கம் எவ்வளவு?

பெரும்பாலும் பதில் வராது. எத்தனை கிலோமீட்டர், காலைல எத்தனை மணிக்கு கிளம்பறாங்க, சாப்பாடு அவங்களே தர்றாங்களா, எல்லாம் தெரிஞ்சிருக்கும். இறக்கத்த மட்டும் யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல, ஏறிட்டா இறங்கறது தானா நடந்துடும்னு நினைக்கறாங்க. என்கிட்ட வர்ற ட்ரெக் கேஸ்ல பெரும்பகுதி இறங்கும்போது நடந்ததுதான்.

காரணம் சிம்பிள். ஏறும்போது தொடையோட முன்பக்கத் தசை சுருங்கி உங்கள மேல தூக்குது, மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், உடனே நின்னுடுவீங்க, உடம்பே வார்னிங் குடுத்துடுது. இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடணும். மூச்சு வாங்காது, அதனால கஷ்டமே தெரியாது, ஆனா தசைக்குள்ள நுணுக்கமா கிழிசல் விழுந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சு தொடை நடுங்க ஆரம்பிக்கும்போது அந்த லோடெல்லாம் முட்டிச் சில்லுக்குப் பின்னாடி போய் உக்காரும், கால் வைக்கற இடம் தப்பும், கணுக்கால் மடங்கும்.

எங்க ஊர்ப் பக்கத்துல பக்தருங்க ஏறற வெள்ளியங்கிரி மலை சீசன், அதாவது பிப்ரவரில இருந்து மே வரைக்கும், திங்கக்கிழமை காலைல எங்க கிளினிக் படிக்கட்டப் பாத்தாலே புரியும். கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்கறவங்ககிட்ட எங்க போனீங்கன்னு கேக்கவே வேண்டாம். அடிவாரத்துல வாங்கற மூங்கில் தடிய ஏறும்போது நல்லா ஊனிக்கிட்டுப் போறாங்க, இறங்கும்போது தோள்ல சாத்திக்கிட்டு வர்றாங்க. தயவுசெஞ்சு மாத்துங்க. தடியோட பெரிய பலன் இறக்கத்துலதான், கொஞ்சம் நீளமா புடிச்சு, கீழ் படில முதல்ல தடி, அப்புறம் கால்.

இப்ப கைட் கூட்டிட்டுப் போற ட்ரெக் விஷயத்துக்கு வர்றேன். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, 14 மாவட்டத்துல 40 பாதை, ஈஸி, மாடரேட், டஃப்னு மூணா பிரிச்சு ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி, காட்டோரக் கிராமத்து ஆளுங்களும் பழங்குடி மக்களுமே ட்ரெயினிங் எடுத்து கைடா வர்றாங்க. நான் மனசார வரவேற்கற விஷயம் இது. 2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணில காட்டுத்தீ ட்ரெக் போனவங்க 20 பேருக்கு மேல உயிர வாங்கினத நாம மறக்கக் கூடாது. தீ சீசன்ல பாதை மூடியிருந்தா மூடியிருக்கட்டும், வேற யாரோ பின்வழியா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா போகாதீங்க.

ஆனா அந்த மூணு கிரேடும் பாதையப் பத்தினது. உங்க முட்டியப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. தினமும் எங்க ஊர் ரேஸ் கோர்ஸ் நடைபாதைல 5 கிலோமீட்டர் நடக்கற, ஐம்பது தாண்டின ஒரு அம்மா மாடரேட் ட்ரெக் போனாங்க. ஏறும்போது அவங்கதான் முன்னாடி, சின்னப் பசங்கெல்லாம் பின்னாடி. இறங்கும்போது பாதி வழியிலயே முட்டி விட்டுப்போச்சு, கைட் ரெண்டு பேர் தாங்கிக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. சமதரைல எவ்வளவு நடந்தாலும் அந்த பிரேக் தசைக்குப் பழக்கம் வராதுங்க. அதோட ஃபார்ம்ல பழைய முட்டிவலி இருக்கான்னு கேட்டிருந்த இடத்துல இல்லன்னு எழுதியிருந்தாங்க, வேண்டாம்னு சொல்லிடுவாங்களோங்கற பயம். உண்மைய எழுதினா கைட் உங்கள முன்னாடி விட்டு உங்க வேகத்துக்கு மத்தவங்கள நடத்துவாரு, இல்ல பாதி தூரத்துல திரும்பற மாதிரி பிளான் பண்ணுவாரு. அவருக்குத் தெரியாததுக்கு அவரால என்ன பண்ண முடியும்?

வீட்டுலயே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒரு படி மேல ஒத்தக் கால்ல நில்லுங்க, இன்னொரு கால முன்னாடி கீழ இறக்கி குதிகால் தரையத் தொடற வரைக்கும் மெதுவா மூணு எண்ணி இறங்குங்க, தொட்டதும் திரும்ப மேல. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. நிக்கற காலோட முட்டி உள்பக்கமா சாயுதா, கடைசில தொப்புனு விழறீங்களா, வலிக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் இப்போதைக்கு ஈஸி பாதை போதும். இதையே வாரத்துக்கு மூணு நாள்னு 6லருந்து 8 வாரம் பண்ணா அதுவே பயிற்சி. எங்க ஊர்க்காரங்க ட்ரெக்குக்கு ரெடியாகறேன்னு மருதமலைப் படி ஏறிட்டு கீழ பஸ்ல வந்துடறாங்க. பஸ்ல மேல போய் சாமி கும்பிட்டுட்டு படில இறங்கி வாங்க, முட்டிக்கு அதுதான் நிஜமான ரிகர்சல்.

பாதையோட வடிவத்தையும் கேளுங்க. வெள்ளியங்கிரி மாதிரி முதல்ல ஏற்றம் அப்புறம் இறக்கம்னா தசை களைச்ச நேரத்துல இறங்கணும். கொடைக்கானல் வட்டக்கானல்ல இருந்து டால்ஃபின் நோஸ் தாண்டி வெள்ளகவி பக்கம் போற பாதை தலைகீழ், காலைல ஜாலியா இறங்கிடலாம், மதிய வெயில்ல அத்தனையும் ஏறணும், நெஞ்சுக்கு சிரமம் இருக்கறவங்க யோசிக்கணும். தூரத்த மட்டும் பாத்து நேரம் போடாதீங்க. 1892ல நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்னைக்கும் உதவும், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர்ல 900 மீட்டர் ஏறணும்னா ஓய்வெல்லாம் சேர்க்காமலே ரெண்டே முக்கால் மணி நேரம் கிட்ட ஆகும், அதுவும் மலை பழகின ஆளுக்கு.

இமயமலை பேக்கேஜ் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேதார்கந்தாவ பிகினர் ட்ரெக்னு விக்கறாங்க, உச்சி 12,500 அடி, அதாவது 3,800 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 2,500 மீட்டருக்கு மேல காத்து மெலிசாகறதால வர்ற தலைவலி, குமட்டலுக்கும் உங்க ஃபிட்னஸுக்கும் சம்பந்தமே இல்ல, மாரத்தான் ஓடறவங்களுக்கும் வரும். 3,000 மீட்டருக்கு மேல தூங்கற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல உயரக் கூடாது, மூணு நாலு நாளுக்கு ஒரு ரெஸ்ட் நாள் இருக்கணும், பிளான்ல அது இல்லன்னா அந்த கம்பெனி வேண்டாம். தலைவலி வந்தா மறைக்காம கைட்கிட்ட சொல்லுங்க, அதோட மேல ஏறாதீங்க, குறையலன்னா கீழ இறங்கிடணும்.

சுகர் இருக்கறவங்க விரதம் இருந்துட்டு ஏறறது ரொம்ப ஆபத்து. மாத்திரை, இன்சுலின் அளவ எப்படி மாத்தணும்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க, பைல குளுக்கோஸ் பவுடர் இருக்கணும். கடலை மிட்டாய் நல்ல தீனிதான், ஆனா சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டற நேரத்துல அதச் சாப்பிட்டா சுகர் ஏறறதுக்கு லேட்டாகும். நெஞ்சுவலி இருக்கறவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, பிரஷர் கன்ட்ரோல்ல இல்லாதவங்க கார்டியாலஜிஸ்ட் சொல்லாம கிளம்பாதீங்க. அப்புறம் இந்த வலி மாத்திரை, ஏறறதுக்கு முன்னாடியே டைக்ளோஃபெனாக் ஒண்ணு போட்டுக்கிட்டா வலிக்காதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுக்கறாங்க. தண்ணி குறைஞ்ச உடம்புல அது கிட்னியப் பாதிக்கும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

திரும்பி வந்து ரெண்டு மூணு நாள் தொடை வலிச்சா பயப்பட வேண்டாம், நடக்க நடக்க சரியாகிடும். முட்டி வீங்கினா, மடக்கினா பூட்டிக்கிச்சுன்னா, கால் ஊன முடியலன்னா ஒரு ஆர்த்தோகிட்ட காட்டுங்க, மசாஜ் பண்ணி இழுத்து விடாதீங்க. சிறுநீர் டிகாஷன் கலர்ல போச்சுன்னா அது தசை ரொம்ப சிதைஞ்சதோட அறிகுறி, காலைல பாத்துக்கலாம்னு விடாம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க.