ஐந்து நிமிடம், இரண்டு கொடி: பாய்மரப் படகுப் போட்டி தொடங்கும் விதம்

ஓட்டப்பந்தய வீரர்களைக் கோட்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்க வைத்துவிடலாம். பாய்மரப் படகுகளிடம் அது நடக்காது. படகுக்கு பிரேக் கிடையாது. பாயைத் தளர்த்திவிட்டாலும் காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, தொடக்கக் கோடே கண்ணுக்குத் தெரியாது. போட்டிக் குழுவின் படகில் ஆரஞ்சுக் கொடி பறக்கும் கம்பத்திலிருந்து எதிர்முனையில் உள்ள மிதவை வரை மனதுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டிய கோடு அது. பெரிய போட்டிகளில் 50, 60 படகுகள் அதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஒரே நொடியில் முழு வேகத்தில் அதைத் தாண்டப் பார்க்கும். முந்தினால் குற்றம். பிந்தினால், முன்னே போகும் பாய்கள் கலைத்துவிட்ட காற்றுதான் மிச்சம். இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான் கொடிகள்.

தொடக்கத்துக்கு 5 நிமிடம் இருக்கும்போது, எந்த வகைப் படகுக்கான போட்டியோ அந்த வகையின் கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது தயார்க் கொடி ஏறும். வழக்கமாக இது நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட 'பி' கொடி. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் இதே கொடியை ஏற்றினால், கிளம்பப் போகிறோம், எல்லோரும் கப்பலுக்கு வந்துவிடுங்கள் என்று பொருள். ஒரு நிமிடம் இருக்கும்போது தயார்க் கொடி இறங்கும். வகைக் கொடியும் இறங்கும் அந்த நொடியில் போட்டி தொடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி உண்டு. அந்த ஒரு நிமிட ஒலி மட்டும் நீளமானது.

ஆனால் நேரத்தைக் கொடியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், ஒலி வராமலே போனாலும் பொருட்படுத்தக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. காரணம் எளிய இயற்பியல். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 60 படகுகள் நிற்கும் கோடு 300 மீட்டருக்கு மேல் நீளும் என்பதால், எதிர்முனையில் இருப்பவருக்கு ஒலி ஏறக்குறைய ஒரு நொடி தாமதமாகத்தான் கேட்கும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் செலுத்திய லேசர் ரேடியல் படகின் நீளம் 4.2 மீட்டர். அப்படியொரு படகு நல்ல காற்றில் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நகரும். காதை நம்பிக் கிளம்பினால் அரைப் படகு நீளம் போய்விடும்! ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை.

ஒலிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கடல்மட்டத்தில் மெதுவாக வீசும் காற்று உயரப் போகப் போக வேகமெடுக்கும். அதனால் காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். போட்டி வழக்கமாகக் காற்றை எதிர்த்தே தொடங்குவதால், கோட்டை முந்தித் தாண்டியவர்கள் இருப்பது சரியாக அந்தப் பக்கத்தில்தான். யாரைத் திரும்ப அழைக்க வேண்டுமோ, அவர்களுக்குத்தான் ஒலி மங்கலாகக் கேட்கும்.

கொடிக்கும் ஒரு குறை இருக்கிறது. காற்று போகும் திசையில் பறப்பதால், காற்று வரும் பக்கத்திலோ போகும் பக்கத்திலோ நேராக இருப்பவருக்கு அதன் விளிம்பு மட்டும்தான் தெரியும். நல்லவேளையாக, தொடக்கக் கோட்டைக் காற்றுக்குக் குறுக்கேதான் போடுவார்கள். கோட்டோரம் இருப்பவர்களுக்குக் கொடியின் முழு முகமும் தெரிந்துவிடும். நிறங்களும் யோசித்து எடுத்தவை. 1857இல் பிரிட்டனில் வெளியான வணிகக் கப்பல் குறியீட்டிலிருந்து வளர்ந்த இந்த எழுத்துக் கொடிகளில் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் இல்லை. தூரத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும், நீலமும் கறுப்பும் அப்படித்தான். அதனால் பெரும்பாலும் அடர்நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர்நிறம் வரும்.

சரி, முந்திவிட்டால்? ஓரிரு படகுகள் என்றால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட 'எக்ஸ்' கொடி ஏறும், ஒரு ஒலியோடு. முந்தியவர்கள் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். கூட்டமாக முந்திவிட்டால் தொல்லை. கோட்டின் முனைகளில் இருப்பவர்களுக்குத் தங்கள் இடம் தெளிவாகத் தெரியும். நடுவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பயந்து பின்தங்கியே நிற்பார்கள். ஒருவர் துணிந்து முன்னேறினால் பக்கத்துப் படகுகளும் தொற்றிக்கொள்ளும். முனையிலிருந்து கோட்டைப் பார்க்கும் நடுவருக்கு, அருகிலிருக்கும் படகு மற்றவற்றை மறைத்துவிடும். எண்களைக் குறிக்க முடியாது. அப்போது நீல ஓரமுள்ள மஞ்சள் முக்கோணக் கொடி இரண்டு ஒலியோடு ஏறும்: எல்லோரும் திரும்புங்கள்.

கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று தெரிந்தால் அடுத்த முறை எல்லோரும் இன்னும் நெருக்குவார்கள். இதை அடக்க 'பி'க்குப் பதிலாக வேறு தயார்க் கொடிகள் இருக்கின்றன. இந்த ஏணி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மஞ்சளில் கறுப்பு வட்டமுள்ள 'ஐ' ஏறியிருந்தால், கடைசி நிமிடத்தில் கோட்டைத் தாண்டியவர் அதன் முனையைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். நான்கு நிற 'இசட்' என்றால் மதிப்பெண்ணில் 20 விழுக்காடு தண்டனை. 2017 விதிப் புத்தகத்தில் சேர்ந்த சிவப்பு-வெள்ளை 'யூ' என்றால் தகுதி நீக்கம். ஆனால் எல்லோரையும் திருப்பி அழைத்துப் போட்டி மறுபடி தொடங்கினால் குற்றம் அழிந்துவிடும். கறுப்புக் கொடிக்கு அந்த இரக்கம் கிடையாது. மறு தொடக்கத்துக்கு முன் முந்தியவரின் பாய் எண்ணைப் பலகையில் காட்டுவார்கள். அவர் விலகிவிட வேண்டும். அந்த நீண்ட ஒலி எதற்கு என்பது இப்போது புரியும். இந்த விதிகளெல்லாம் விழித்துக்கொள்வது அந்த நிமிடத்தில்தான்.

இந்தக் கண்டிப்பு கடுமையாகத் தோன்றலாம். நியாயம்தான் என்பேன். பொறுமையாகக் கோட்டுக்குப் பின்னால் நின்றவர், முந்தியவர்களால் மூன்றாம் முறை, நான்காம் முறை என்று வீணாகத் தொடங்கிச் சோர்வதில் என்ன நியாயம்?

போட்டிக்கு நடுவிலும் கொடிகள் பேசும். காற்று நின்றுவிட்டால் நீல-வெள்ளைக் கட்டம் போட்ட 'என்' மூன்று ஒலியோடு ஏறி, போட்டியைக் கைவிட்டதாக அறிவிக்கும். 'எஸ்' வந்தால் பாதை சுருங்கியது. 'சி' வந்தால் அடுத்த மிதவை இடம் மாறியது. கூடவே பச்சை முக்கோணம் இருந்தால் வலப்பக்கம், சிவப்புச் செவ்வகம் இருந்தால் இடப்பக்கம்.

போட்டியாளரும் கொடி பிடிக்கலாம். இன்னொரு படகு விதியை மீறியதைப் பார்த்தால் "புரொடெஸ்ட்" என்று கத்திச் சிவப்புக் கொடியைக் காட்ட வேண்டும். விசாரணை கரையில் நடக்கும். 6 மீட்டருக்கும் குறைவான படகுகளுக்குக் கொடி தேவையில்லை, குரலே போதும்.