‘கிராகி’ என்னும் ஆங்கிலச் சொல்

உறக்கம் கலைந்து எழுந்த பின்னும் தலை தெளியாமல், கண் விழித்திருந்தும் புத்தி விழிக்காமல் இருக்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘கிராகி’ (groggy) என்பர். ஆங்கிலம் கற்கும் சீன மொழி மாணவருக்கு இதனை ‘ஹுன் ஹுன் சென் சென்’ என்று சொன்னால் எளிதில் விளங்கும். அந்தி, மங்கல் ஆகிய பொருளுடைய ‘ஹுன்’ என்பதும், அமிழ்தலைக் குறிக்கும் ‘சென்’ என்பதும் இரட்டித்து வந்த தொடர் அது. ஆனால் ‘ஹுன் ஹுன் யூ ஷுய்’ என்னும் தொடரை இதற்கு ஈடாகக் கொள்ளலாகாது. அது தூக்கம் வரப்போகும் சொக்கலைக் குறிப்பது. அதற்கு ஆங்கிலத்தில் ‘டிரௌசி’ (drowsy) என்ற வேறு சொல் உண்டு.

சொல்லின் பிறப்போ கப்பலில். பிரித்தானியக் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் ‘கிராக்ரம்’ என்னும் முரட்டுத் துணியாலான மேலங்கியை அணிந்துவந்ததால், மாலுமிகள் அவரை ‘ஓல்ட் கிராக்’ என்று அழைத்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றியபோது, மாலுமிகளின் குடிவெறியைக் கட்டுப்படுத்த எண்ணி, ஒவ்வொருவருக்கும் உரிய அரை பைன்ட் (ஏறக்குறைய கால் லிட்டர்) ரம் மதுவில் நான்கு மடங்கு தண்ணீர் கலந்து, அதையும் இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்குமாறு 1740 ஆகஸ்டில் அவர் ஆணையிட்டார். அந்தக் கலவைக்கு ‘கிராக்’ என்றும், அதைக் குடித்துத் தள்ளாடுபவனுக்குக் ‘கிராகி’ என்றும் பெயர் வந்தது. வெறியைத் தணிக்க வந்த ஆணை வெறிக்கே ஒரு சொல்லைத் தந்துவிட்டது. பின்னர் முன்னங்கால் தளர்ந்த குதிரைக்கும், குத்து வாங்கித் தடுமாறும் குத்துச்சண்டை வீரனுக்கும் அச்சொல் பரவியது. இன்று குடியின் வாடை ஏறக்குறைய நீங்கிவிட்டது.

தமிழில் ‘கிறக்கம்’ என்ற சொல் உடனே நினைவுக்கு வரலாம். ஒலி ஒத்திருப்பது தற்செயலே. வேர்த் தொடர்பு எதுவும் இல்லை. பசி, காய்ச்சல், போதை ஆகியவற்றால் வரும் சோர்வுக்கு அது பொருந்தினாலும், இக்காலத்தில் இன்ப மயக்கத்தின் சாயல் அதில் மிகுந்துவிட்டது. எனவே தூங்கி எழுந்த நிலைக்குத் ‘தூக்கக் கலக்கம்’ என்பதே சரியான இணை. மயக்க மருந்து தெளியும் நேரத்து நிலைக்கு ‘மந்தம்’ போதும். ஆங்கிலத்தில் பெயரடையாக நிற்பதைத் தமிழில் அப்படியே பெயரடையாக்க முயலாமல், ‘எனக்கு இன்னும் தூக்கக் கலக்கமாக இருக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதே இயல்பு.