பூதம் பெரிதென்றால் கார்டும் பெரிதாக வேண்டுமா?

அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் தாங்களே உருவாக்கிய ஃபேன்டசி கார்டு விளையாட்டுகளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருவார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் இந்த மாதம் மட்டும் ஒரே தவறை நான்காவது முறையாகப் பார்த்துவிட்டேன், இனியும் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன், மொத்தம் 60 கார்டு. 48 வழக்கமான அளவு, மீதி 12 ராட்சதர்கள், அவை மட்டும் ஏ5, அதாவது ஏ4 தாளில் பாதி. வேறொரு கடையில் அடித்து லேமினேஷனும் போட்டாயிற்று. பெட்டிக்குள் அடங்கவில்லை என்று பெரிய கார்டுகளை நடுவில் மடித்திருக்கிறான். மடிப்பில் மை உதிர்ந்து, டிராகனின் கழுத்தில் வெட்டுப்பட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. "இன்னும் தடிமனா அடிச்சுத் தாங்கண்ணா" என்றான்.

தடிமன் என்ன செய்யும்? பூதம் பெரியது, அதனால் கார்டும் பெரியது என்ற நினைப்பிலேயே கோளாறு. கார்டுக் கட்டில் ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்து என்ன வரப்போகிறது என்று எதிரிக்கும் தெரியும், கலைத்துப் போடவும் முடியாது. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு விளையாட்டில் 2009இல் பிளேன்சேஸ் என்ற ஆட்ட வகைக்காகப் பெரிய கார்டுகள் வந்தன, ஆனால் அவை தனிக் கட்டு, சின்னக் கார்டுகளோடு கலப்பதில்லை. போகிமானின் ஜம்போ கார்டுகளும் சேகரித்து வைப்பதற்குத்தான்.

இன்னொரு பழக்கம், தலை முதல் வால் வரை முழு உருவத்தையும் சட்டத்துக்குள் அடக்குவது. அப்படி அடக்கினால் டிராகன் பல்லி மாதிரிதான் தெரியும், அதைப் பார்த்துவிட்டுத்தான் கார்டைப் பெரிதாக்கத் தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகரின் காலடியைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையின் அளவு நமக்குத் தெரியும், அதையே விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரிது, அந்தப் பாம்பே காலடியில் கிடக்கிறது என்றால் நிற்கிறவர் எவ்வளவு பெரியவர்! கல்லை ஒரு அடிகூடக் கூட்டாமல் சிற்பி அதைக் காட்டிவிட்டார். பையனிடம் இதைத்தான் சொன்னேன். மறுநாளே வரைந்து வந்தான்: ஒரே ஒரு பாதம், நகத்துக்குப் பக்கத்தில் எறும்பளவு மாட்டுவண்டி, தலை சட்டத்துக்கு மேலே எங்கோ போய்விட்டது. 63க்கு 88 மில்லிமீட்டர் கார்டுதான், பார்த்தால் பயமாக இருக்கிறது.

சரி, ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) விடுங்கள், அதாவது 69க்கு 94. 300 டிபிஐயில் (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) 815க்கு 1110 பிக்சல். சின்னதாக வரைந்ததை ஏ5 அளவுக்கு இழுத்தால் 130 டிபிஐகூடத் தேறாது, அப்புறம் சாஃப்ட்வேரின் டிபிஐ கட்டத்தில் 300 என்று டைப் செய்வதால் இல்லாத விவரம் படத்துக்குள் வந்துவிடாது. பெயரையும் எண்களையும் வெட்டும் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளியே வையுங்கள். ஸ்கிரீனில் பளபளக்கிற பச்சைத் தீ அச்சில் மங்கத்தான் செய்யும், வரையும்போதே சிஎம்ஒய்கேயில் (அச்சு மையின் நான்கு நிறங்களில்) பார்த்துவிடுங்கள். தமிழ் எழுத்துக்கு 7 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள், சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்தை கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல் கொண்டுவந்தால் எங்கள் கம்ப்யூட்டரில் 'ஸ்ரீ' கட்டமாகிவிடும். இதை எத்தனை முறைதான் சொல்வது!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆசையாகக் கேட்கிறதே என்று மொத்தத்தையும் ஒரே நாளில் அடிக்கச் சொல்லாதீர்கள். 13க்கு 19 இஞ்ச் ஷீட்டில் இந்தக் கார்டு 20 அடங்கும். முதலில் அந்த ஒரு ஷீட்டை மட்டும் அடித்து, வெட்டி, வீட்டில் ஓர் ஆட்டம் விளையாடிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் அடிக்கலாம்.