குளோனிங் இறந்த நாயைத் திருப்பித் தராது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம், சாகும் தறுவாயில் உள்ள நாயைத் தூக்கிவருவோர் சிலர், அதன் தோலைச் சிறிது வெட்டிக் கொடுத்தால் வெளிநாட்டு நிறுவனம் அதே நாயை மீண்டும் உண்டாக்கித் தருமாமே என்று கேட்கின்றனர். அண்மையில் வந்த குடும்பம் ஒன்று இதற்காக மகளின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தையே எடுக்கத் துணிந்திருந்தது. இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பது போதாது.

அதே நாய் வராது. குளோனிங் என்னும் இம்முறை தருவது ஒரே மரபணுக்களைக் கொண்ட வேறொரு குட்டியை. காலம் தள்ளிப் பிறந்த இரட்டைப் பிறவி அது. உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவரும் பழக்கம் மரபணுவில் இல்லை. நிறம்கூட உறுதியில்லை: 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, அதன் மூலப்பூனையின் மூவண்ண உரோமம் அமையவில்லை. குளோன் கிழடாகவே பிறக்கும் என்பதும் தவறு. 1996-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த குளோன் செம்மறி ஆடான டாலி, 2003-இல் நுரையீரல் கட்டியால் துன்புற்றதால் கருணைக்கொலை செய்யப்பட்டது. அது நம் நாட்டுச் செம்மறி மருத்துவர்கள் நன்கறிந்த யாக்சீக்டே என்னும் வைரஸ் நோய், குளோன் அல்லாத ஆடுகளுக்கும் வருவது.

இந்த மயக்கத்தில், குளோனிங்கின் உண்மையான பயன் மறைந்துபோகிறது. 1997-இல் பிறந்த பாலி என்னும் ஆடு, இரத்தம் உறைவதற்குத் தேவையான மனிதப் புரதத்திற்கான மரபணுவுடன் குளோனிங் முறையில் உருவாக்கப்பட்டது. மனித உடல் நிராகரிக்கும் சர்க்கரைக் கூற்றை உண்டாக்கும் மரபணுவைப் பன்றியின் உயிரணுவிலிருந்து நீக்கி, அந்த உயிரணுவைக் கொண்டே குளோனிங் முறையில் பன்றிகளை உருவாக்குகின்றனர். மரபணு திருத்தப்பட்ட பன்றியின் சிறுநீரகம், உயிருடன் இருந்த நோயாளி ஒருவருக்கு 2024 மார்ச்சில் பாஸ்டனில் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இறந்துவிட்டாலும், அந்த மாற்றுச் சிகிச்சையால் அது நேர்ந்தது என்பதற்கான அறிகுறி இல்லை என்று மருத்துவமனை தெரிவித்தது. டயாலிசிஸ் நாற்காலியில் வாரந்தோறும் அமர்வோரை எண்ணும்போது, இந்த ஆய்வு தொடர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

ஆயினும் இதற்கான விலையை விலங்குகளே கொடுக்கின்றன. டாலி என்ற ஒரே ஆட்டுக்காக 277 கருமுட்டைகள் மூல ஆட்டின் உயிரணுக்களுடன் இணைக்கப்பட்டன. 2018-இல் சீனாவில் அறிவிக்கப்பட்ட இரண்டு குளோன் குரங்குக் குட்டிகளுக்காக 79 கருக்கள் 21 வாடகைத் தாய்க்குரங்குகளில் வைக்கப்பட்டன. நஞ்சுக்கொடிக் கோளாறும், அளவுக்கு மீறிப் பெருத்த கன்றைத் தாய் ஈன முடியாத நிலையும் மாடுகளில் அடிக்கடி காணப்படுபவை. 2019-இல் உறக்கக் கோளாறும் மனச்சோர்வும் தோன்றும்படி மரபணு சிதைக்கப்பட்ட குரங்கைக் குளோன் செய்து ஐந்து குட்டிகளை உருவாக்கியதை அறிந்தபோது, ஒரு மருத்துவனாக எனக்கு மனம் ஒப்பவில்லை. நோயாளியின் உயிருக்காக ஏற்கக்கூடிய துன்பத்தை, ஒரு வீட்டின் ஏக்கத்திற்காக வேறு நாய்களின் மீது சுமத்தலாகாது.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை பெண் நாய்களில் கருக்கள் வைக்கப்படும், எத்தனை குட்டிகள் பிழைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். சிறுநீரக நோயாளி உள்ள வீட்டாரும், பன்றிச் சிறுநீரகம் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அது இன்னும் கண்காணிப்புடன் நடக்கும் சோதனைகளில்தான் இருக்கிறது. உங்கள் சிறுநீரக மருத்துவரிடமே கேளுங்கள்.